கடைசி வட்டம்

ஷெஃபீல்ட் நகரமன்றம், நான்காம் மாடி,
பார்க்கிங் மேல்முறையீட்டுப் பிரிவு.
மழை ஜன்னலில் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறது.
இன்றைக்கு நாற்பத்தொரு கடிதங்கள்.

பெரும்பாலும் ஒரே சங்கதிதான்.
இரண்டே நிமிடம் நிறுத்தினேன்.
பலகையை மரக்கிளை மறைத்திருந்தது.
நாய்க்கு உடம்பு சரியில்லை.
நாய்க்காக நான் இரங்குவதுண்டு.
விதியில் நாய் இல்லை.

முப்பதாவது கடிதம் மேவ் ஆலரன்ஷா எழுதியது.
கோடு போட்ட தாள், ஊதா மை.

"ஐயா, அல்லது அம்மா,
என் வீட்டு வாசலில் என் காரை நிறுத்தியதற்கு
எனக்கு மூன்று அபராதம்.
குடியிருப்போர் அனுமதியைக் காசு கட்டித்தான் வாங்கினேன்.
ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
அடுத்தவர் படுக்கை விரிப்புகளை வெளுக்கிறேன்.
காலை ஏழரைக்கு வந்து படுத்து
பகல் ஒன்றுக்கு எழுந்து திரையை விலக்கினால்
கார் கண்ணாடியில் மஞ்சள் உறை.
மூன்றாவதை நான் பிரிக்கவே இல்லை.
பூனை கொண்டுவந்து போட்ட எலியைப் போல
கையுறை மாட்டி எடுத்து வைத்தேன்."

கூடவே ஒரு புகைப்படம்.
உறைபனி பூத்த பழைய ஃபியஸ்டா,
அதன் எண்பலகை,
கடைசி வட்டத்தின் மேல் ஊதா அம்பு:
"இது ஓ. பூஜ்ஜியம் அல்ல.
பூஜ்ஜியம் என் வங்கிக் கணக்கில் இருக்கிறது.
வேண்டுமென்றால் அதையும் படமெடுத்து அனுப்புகிறேன்."

சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசை பிரையனி நிமிர்ந்து பார்த்தாள்.

எங்கள் எண்பலகைகளில் இரண்டுக்கும் ஒரே அச்சு.
நடுவில் வந்தால் எண், கடைசியில் வந்தால் எழுத்து;
நிற்கும் இடத்தைப் பார்த்து மனிதர் சொல்லிவிடுவார்.
தெருவில் நடக்கும் அதிகாரியின் கைக்கருவிக்கு
இடம் பொருள் ஏவல் கிடையாது.
பதிவில் இருப்பது ஒன்று, பலகையில் இருப்பது ஒன்று:
அனுமதி இல்லை.
அனுமதி இல்லை.
வெள்ளிக்கிழமையும், இல்லை.

அவர் பதிவைத் திறந்தேன்.
பூஜ்ஜியம்தான் இருந்தது.
தட்டச்சு செய்தவர்: என்.டி.
நவம்பர் பதினான்கு, மாலை நான்கு ஐம்பத்திரண்டு.

நோரிஸ் தாக்ரே.
நான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
தலைவலி இல்லை, துக்கச் செய்தி இல்லை,
ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.
விசைப்பலகையில் ஓவும் பூஜ்ஜியமும் பக்கத்துப் பக்கத்து வீடு.
விரல் கதவு மாறித் தட்டிவிட்டது.
அந்த விரலகலத்துக்கு விலை இருநூற்றுப் பத்து பவுண்ட்;
பதினான்கு நாளுக்குள் கட்டினால்
பாதி.

ரத்து செய்வதற்கான காரணம் கேட்கிறது திரை.
மருத்துவ அவசரம்.
கருவிக் கோளாறு.
கருணை அடிப்படை.

"கருணையைப் போடு" என்கிறாள் பிரையனி,
வேர்க்கடலையை வாயில் எறிந்தபடி.
"எல்லாரும் அதைத்தான் போடுவோம். யாரும் கேட்கமாட்டார்கள்."

போடலாம்.
போட்டால், அவர் தப்புச் செய்தார்,
நாங்கள் பெரிய மனதோடு விட்டுவிட்டோம் என்று ஆகும்.
விரிப்பில் கறை வைத்தவனே
வெளுத்தவளை மன்னிக்கிற கதை.

கீழே, நகர்த்தினால் மட்டுமே தெரிகிற இடத்தில்,
அலுவலகப் பிழை.
அழுத்தினால் இன்னொரு பெட்டி திறக்கிறது:
யாருடைய?

இந்தப் பெட்டியை ஒன்பது வருடத்தில்
நான் பார்த்ததே இல்லை.
பெயரைத் தட்டத் தொடங்கினேன்.
என் பெயரிலும் இரண்டாவதாக வருவது அந்த வட்டம்தான்.
இந்தத் தடவை
விரலைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன்.

அச்சடித்த பதில் கடிதத்தில்
'ஏற்கப்பட்டது' என்பதற்கு இடம் உண்டு,
வருத்தம் தெரிவிக்க இடமில்லை.
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்.
கையெழுத்து கோணல்.

முப்பத்தொன்றாவது கடிதத்தில்
மறுபடி ஒரு நாய்.
பதினாறு வயதாம்.